வழுக்கை, நாலு சட்டை

அத்தையின் சலவைக் கடையில் அவளுக்குப் பிடித்த இடம் பின்னறைதான். இஸ்திரிப் பெட்டி யாரையும் கேள்வி கேட்காது, பதிலும் எதிர்பார்க்காது. ஆனால் போன வருஷம் அத்தைக்கு முழங்கால் வீங்கி நிற்க முடியாமல் போனதும், முன்மேசை அவள் தலையில் வந்து விழுந்தது.

மலையைப் புரட்டுகிற வேலையொன்றும் இல்லை. துணிப்பையை வாங்க வேண்டும், பெயர் கேட்க வேண்டும், சீட்டில் எழுதிப் பையில் குத்த வேண்டும். அந்த நடுக்காரியம்தான் அவளுக்கு வரவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் ஆளைப் பார்த்து, தனக்கு அடையாளம் தெரிகிற மாதிரி எதையாவது எழுதிவைத்தாள். துணியைக் கொடுக்கும்போது சீட்டைக் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலை வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். புதுத் துணிப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு ஒரு சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். 'வழுக்கை, நாலு சட்டை.' குண்டு குண்டாக அவளுடைய கையெழுத்து.

"சட்டையோட வந்துச்சும்மா. என் பொண்ணுதான் வாசிச்சா. நேத்துலேர்ந்து என்னை அப்படித்தான் கூப்பிடுறா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவரோ சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். அவளுக்குக் காதுமடல் சுட்டது.

அத்தை காலை இழுத்துக்கொண்டு வந்து அலமாரியில் இருந்த பைகளின் சீட்டுகளைப் பார்த்தாள். தொப்பை, எட்டு உருப்படி. எத்துப்பல், போர்வை ரெண்டு. கத்துற அம்மா, திரைச்சீலை. மூன்றுக்கு மேல் வாசிக்க அத்தைக்கே மனம் வரவில்லை.

"நீ உள்ள போய் இஸ்திரியப் பாரு. நாளைலேர்ந்து இங்க வேற ஆள் வச்சுக்கிறேன்."

ஒரு வருஷமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது இதுதான். விறுவிறுவென்று பின்னறைக் கதவுவரை போய்விட்டாள். பின்னால் அத்தை அவருக்குச் சமாதானம் சொல்வது காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் பாதியில் விட்டாளாம், வாயில்லாப் பூச்சியாம்.

"எழுதுறப்ப வாய் இருக்கே," என்றார் அவர்.

அவளுக்குக் கால் நகரவில்லை. இப்போது உள்ளே போய்விட்டால், இந்த மனிதருக்கு அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்தச் சீட்டில் இருப்பதுதான்.

திரும்பி வந்தாள். அலமாரிப் பக்கம் பார்க்கவே இல்லை. இந்த ஒரு பைக்கு மட்டும் எழுதினால் போதும், அதற்கப்புறம் உள்ளே போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள். புதுச் சீட்டை எடுத்தாள்.

"உங்க பேரு..." குரல் துணிப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"என்னம்மா?"

"உங்க பேரு என்ன சார்?"

சொன்னார். எழுதினாள். மன்னிப்புக் கேட்க நினைத்தது மட்டும் தொண்டையோடு நின்றுவிட்டது. அவர் சீட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுப் போனார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் உள்ளே போகலாம். போகத் திரும்பும்போதுதான் எத்துப்பல் அக்கா படியேறி வந்தாள், வழக்கம்போல் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குக் கூசியது. இன்னொரு சீட்டை எடுத்தாள்.

"அக்கா, உங்க பேரு?"

"ஒரு வருஷமா வர்றேன். இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"ஆமாக்கா," என்றாள், தலையை நிமிர்த்தாமல். பென்சிலைச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.