இரண்டு கோடு குறைந்த ஃபோல்டர்

என் அக்காவின் மூன்று வருட உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்குப் பார்த்தபோது காணாமல் போயிருந்தது. அதுவரை அது எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

பெட்டி என்பது வீட்டுச் சர்வர். அப்பா வாங்கி வந்து, வீட்டில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தார். யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் எல்லா ஃபோல்டரும் வரிசையாகத் தெரியும். அப்பா தைவானின் சிஞ்சு நகரில் ஒரு சிப் ஆலையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பொறியாளர். ஆகவே பெட்டியின் பாஸ்வேர்டு அம்மாவிடம் இருந்தது.

அக்கா யூஜென் கியோட்டோவில் அனிமேஷன் படிக்க விண்ணப்பிக்கிறாள். போன வருடம் அந்தக் கல்லூரி 'வருந்துகிறோம்' என்று அழகான தாளில் எழுதியது. இந்த வருடம் கடைசி நாள் இன்று, ஜப்பான் நேரம் ஐந்து மணி, அதாவது எங்களுக்கு நான்கு. அனுப்ப வேண்டியது அவள் வரைந்த ஒன்பது நிமிடப் படம். ஒரு நத்தை நெடுஞ்சாலையைக் கடக்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் பாதி தூரம் வந்திருக்கும். அவளுடைய லேப்டாப்பில் இடம் போதாமல், மூன்று வருடமும் பெட்டியில்தான் வேலை.

"டேய் போசுன், என் ஃபோல்டரை என்னடா பண்ணே?"

"நான் எந்த ஃபோல்டரையும் தொடுறதில்லக்கா. என்னோடதைக்கூட."

அவள் திரையை எட்டிப் பார்த்தேன். அப்பாவின் மலையேற்றம் இருந்தது. அம்மாவின் நாற்பதாயிரம் புகைப்படங்கள் இருந்தன. பெரியப்பாவின் கரோக்கிப் பாட்டுகள்கூட இருந்தன. அக்கா இல்லை.

அப்பா வந்தார். இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு பெட்டியின் முன் குனிந்து, அதன் மேல் இருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துத் தேதி பார்த்தார். தேங்காய் மணமுள்ள பொரி அது. மெஷின் ஒழுங்காக நடந்துகொள்ள எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, யாரும் தின்றிருக்கக் கூடாது. அப்பாவின் ஆலையில் கோடிக்கணக்கான விலையுள்ள மெஷின்கள் இந்தப் பொரியை நம்பித்தான் ஓடுகின்றன.

"அடுத்த வருஷம் வரைக்கும் தேதி இருக்கே," என்றார் கவலையோடு. "யாராவது பிரிச்சுத் தின்னுட்டு ஒட்டி வச்சீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் தின்னா ஒட்டியெல்லாம் வைக்க மாட்டேன்ப்பா."

பொட்டலம் நிரபராதி என்று ஆனபின் பெட்டியை அணைத்துப் போட்டார். அது எழுந்திருக்க ஆறு நிமிடம். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி நகத்தைக் கடித்தாள். பெட்டி எழுந்தது, அக்காவின் ஃபோல்டர் எழவில்லை.

"டிஸ்க் போயிருக்கலாம்," என்றார் அப்பா, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பேசும் குரலில்.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். "போன வருஷம் பார்த்துட்டு வேணாம்னாங்க. இந்த வருஷம் பார்க்கவே மாட்டாங்க. அவ்வளவுதான்." அழவில்லை. அழுதிருந்தால் நான் கிண்டல் செய்திருப்பேன். அழாததால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது சமையலறையில் அரிசிச் சேமியா வறுத்துக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தார். "என்ன ஆளாளுக்கு ஒப்பாரி? என் போன்ல தெரியுதே!"

"அது பழைய ஞாபகத்துல காட்டும். போன் அப்படித்தான்," என்றார் அப்பா.

"பழைய ஞாபகமா? இதோ நத்தை ஓடுது பாருங்க!"

"ஓடலைம்மா, நடக்குது," என்றாள் அக்கா. சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன்.

உண்மைதான். போனில் ஃபோல்டர் இருந்தது. ஆனால் அக்காவின் பெயருக்குக் கடைசியில் ஒரு டாலர் குறியும் இருந்தது.

"அம்மா, இது என்ன?"

அம்மாவுக்குத் திடீரென்று சேமியாவின் மேல் அக்கறை வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றோம். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

போன வருடம் கல்லூரி கைவிரித்ததும் அம்மா கோவில் சந்தைப் பக்கம் இருக்கும் பெயர் ஜோசியரிடம் போயிருந்தார். அவர் அக்காவின் பெயரைச் சீன எழுத்தில் எழுத எத்தனை கோடு இழுக்க வேண்டும் என்று எண்ணிவிட்டு, இருபத்திரண்டு, மகா மோசம், இன்னும் இரண்டு கோடு இருந்தால் அமோகம் என்றார். பெயரை மாற்ற மாட்டேன் என்று அக்கா மறுத்துவிட்டாள். அம்மா வாதாடவில்லை. அம்மா வாதாடாவிட்டால் வேறு ஏதோ திட்டம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உன் பேரைத்தானே மாத்தக் கூடாதுன்னே? ஃபோல்டர் பேரை இன்னிக்குக் காலையில மாத்துனேன். நல்ல நேரம் பார்த்துத்தான். இந்தக் குறிக்கு ஒரு வளைவு, ஒரு கம்பி, சரியா ரெண்டு கோடு. பணமும் கூட வரும்!"

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிளப் உறுப்பினன். அந்த அறையில்தான் ஏசி நன்றாக வேலை செய்யும். தூங்காமல் இருந்த ஒரே நாளில் கேட்டது இப்போது கைகொடுத்தது.

"பேர் இந்தக் குறியோட முடிஞ்சா கம்ப்யூட்டர் அதைப் பட்டியல்ல காட்டாது. அம்மா போன் பாஸ்வேர்டு போட்டு நேரா பெட்டிக்குள்ள போறதால காட்டுது. வருகைப் பதிவேட்டுல பேர் இருக்காது, ஆனா ஆள் வகுப்புல இருப்பான்."

"உனக்கு நேரெதிர்," என்றார் அப்பா.

"அப்போ அந்தக் குறியை எடுங்க!" என்றாள் அக்கா.

"எடுக்கவா?" அம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "எடுத்தா மறுபடி இருபத்திரண்டு. இருபத்திரண்டுன்னா என்ன தெரியுமா? போன வருஷம்!"

சேமியா அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அக்காவுக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. ஆனால் போன வருடத்தை அவளும் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மணி இரண்டு ஐம்பது.

"கடைசியில இருந்தாத்தானே மறையும்?" என்றேன். "தூக்கி முன்னாடி வச்சா?"

அம்மா யோசித்தார். இது அவர் மட்டும் முடிவெடுக்கும் விஷயம் இல்லை. ஜோசியருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வாத்தியாரே, பொண்ணு ஃபோல்டர்ல அந்த ரெண்டு கோட்டை வால்ல வச்சிருந்தேன். தலைக்கு மாத்தலாமா?"

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "தாராளமா மாத்துங்க. கூட்டுத்தொகைதான் கணக்கு. இருபத்திநாலு எங்க நின்னாலும் இருபத்திநாலுதான். பணம் முன்னாடி வர்றது இன்னும் விசேஷம்."

அம்மா மாற்றினார். அக்கா லேப்டாப்பில் திரையைப் புதுப்பித்தாள். ஃபோல்டர் வந்து நின்றது, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக. உள்ளே நத்தை சௌக்கியம்.

(முழுப் பெயரையும் குறியோடு சேர்த்துத் தட்டியிருந்தால் மாற்றாமலே திறந்திருக்குமாம். அதை, நான் தூங்காமல் இருந்த நாளுக்கு அடுத்த வாரம் கிளப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்று ஏசி பழுது.)

படம் மேலேறத் தொடங்கியது. அப்பா பச்சைப் பொட்டலத்தைப் பெட்டியின் சரியான நடுவில் வைத்துக் காவல் நின்றார். மைக்ரோவேவ் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார். வெளியே சிஞ்சுக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. அதையும் அம்மா அதட்டினார். மூன்று நாற்பத்தொன்றுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி, கூடவே ஒரு பதிவு எண்.

அம்மா விரல் விட்டு இலக்கங்களைக் கூட்டினார். "முப்பத்தொண்ணு. நல்ல எண்!"

அக்கா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். அடிப்பிடித்த சேமியாவை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சா செஞ்சிருப்பேனா?" என்றார் அம்மா எனக்குப் பரிமாறியபடி. "இவனுக்கும் ரெண்டு கோடு குறைச்சல்னார் வாத்தியார். சோதிச்சுப் பார்க்க முதல்ல இவன் ஃபோல்டர்லதான் குறியைப் போட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. இவன் ஒண்ணும் சொல்லலை. சரி, ஆபத்தில்லைன்னு நினைச்சேன்."

என் ஃபோல்டரின் பெயர் என் பெயரேதான். உள்ளே இருப்பவை பாடக் குறிப்புகள். அப்பா சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு நடந்த பேச்சு இந்தக் கதைக்குத் தேவையில்லை.

மூன்று வாரம் கழித்துக் கியோட்டோவிலிருந்து கடிதம் வந்தது. நத்தை ஏன் இன்னும் கடந்து முடிக்கவில்லை என்று நேரில் கேட்க வேண்டுமாம், நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். அக்கா மீதிச் சாலையை வரையத் தொடங்கியிருக்கிறாள். அதற்குப் பெட்டியில் புது ஃபோல்டர் ஒன்று போட்டிருக்கிறாள். பெயருக்கு முன்னால் அவளே அந்தக் குறியை வைத்திருந்தாள்.

"என்னக்கா, நீயுமா?"

"சீ, போடா. இப்படி வச்சா வரிசையில முதல்ல வருது, அதுக்குத்தான்," என்றாள் அக்கா.