கூப்பிடாத இருபது பேர்

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நின்றுகொண்டிருந்த ஹெலனிடம், "ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வர்றீங்கல்லக்கா?" என்று லோகு கேட்டான். எந்தக் கூட்டம் என்று இவள் திருப்பிக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சை மாற்றி, வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தான்.

விஷயம் இதுதான். இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதில் சம்பளமில்லாமல், ஆசைக்கு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நாற்பது பேர். அவர்களுக்காகத் திருநின்றவூரில் மண்டபம் பிடித்து, சாப்பாடும் போட்டுக் கூட்டம் நடத்துகிறானாம் ஆதிகேசவன். அந்த நாற்பது பேரையும் ஒருங்கிணைக்கிற காலேஜ் வாத்தியார் அவன். வருடத்துக்கு நாலு கட்டுரை எழுதும் லோகுவுக்கு மெயிலும் வந்திருக்கிறது, போனும் வந்திருக்கிறது.

ஹெலன் எழுதியது அறுபத்திரண்டு. காக்களூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லேத் மெஷினில் ஆரம்பித்து ஏரி மதகு வரைக்கும் மூன்று வருடமாக எழுதியிருக்கிறாள். ஆதிகேசவனின் முதல் கட்டுரையைப் பத்தி பத்தியாகத் திருத்திக் கொடுத்ததும் அவள்தான். அக்கா அக்கா என்று காலைச் சுற்றியவன், கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

மெயிலைத் திறந்து பார்த்தாள். குப்பையில் விழுந்திருக்குமோ என்று அதையும் கிளறினாள். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு துணி துவைத்தாள். அது அடிக்கவே இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு எழுதுவதை நிறுத்தினாள்.

ஒரு மாதம் கழித்து ஆதிகேசவனே கம்பெனி வாசல் டீக்கடைக்கு வந்து நின்றான், கையில் ஒரு தாளோடு. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கோபித்துக்கொள்ளக் கூடாது, வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை என்று ஆரம்பித்தான். கூட்டத்துக்கு அழைத்தால் ஆட்கள் கூடுதலாக எழுதுகிறார்களா என்று அளந்து பார்க்கிறானாம். அதற்காக நாற்பது பேரையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தானாம். இருபது பேருக்கு அழைப்பு. மீதி இருபது பேரிடம் மூச்சு விடவில்லை. அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் இதைப் படிக்கப் போகிறான். அவள் தரம் பார்க்கிறவள் ஆயிற்றே, கணக்கு சரியா என்று ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ஹெலன் தாளை வாங்கிப் பார்த்தாள். நாற்பது பேரின் பெயரும் ஊரும் இரண்டு பட்டியலாக இருந்தன. கூட்டத்துக்கு அப்புறம் ஒரு மாதத்தில், அழைத்த இருபது பேர் எழுதியது அறுபத்திநாலு கட்டுரை. அழைக்காதவர்கள் எழுதியது பதினேழு. கிட்டத்தட்ட நாலு மடங்கு என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான். அதற்கு முந்தைய மாதக் கணக்கு தாளின் மூலையில் பொடி எழுத்தில் கிடந்தது. அப்போது அழைப்பு வந்தவர்கள் அறுபது, வராதவர்கள் அறுபத்தொன்று.

"கூப்ட்டவங்க ஒண்ணும் பெருசா அதிகமா எழுதல தம்பி. கூப்டாதவங்க எழுதறத உட்டுட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா? எப்பிடியும் வித்தியாசம் வந்துக்குதுல்ல?"

டீ கிளாஸை அவன் முகத்திலேயே கவிழ்த்திருப்பாள். கம்பெனி வாசலாகப் போயிற்று.

"நானும் தெனம் தட்டுக்குப் பத்து போல்ட்டு எடுத்து அளக்கிறவதான். எடுக்காத போல்ட்டுக்குக் கோவம் வராது. மனுசங்களுக்கு வரும்."

குலுக்கல்தானே, யார் இன்ன சாதி, இன்ன வேலை என்றெல்லாம் பார்க்கவே இல்லையே என்றான். மனசாரத்தான் சொன்னான், பாவி. அதுதான் அவளை இன்னும் சுட்டது. ஹெலனின் அம்மா நடவு நட்ட நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை போகும், இவர்கள் தெருவுக்கு மட்டும் வராது. பந்தி முடிகிற நேரத்துக்குக் கொல்லைப் பக்கம் வரச் சொல்லி ஆள் வரும். அழைப்பு வராமல் போனால் அதை தற்செயல் என்று எடுத்துக்கொள்ள அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று கேட்டு அதையும் எழுது என்றாள். பெங்களூரில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்றான். தாளை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் பஸ் மாறி பஸ் ஏறி, அழைக்காத பட்டியலில் இருந்த மற்ற பத்தொன்பது பேரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தாள். பழவேற்காட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் சலாஹுதீன், ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றி அத்தனை எழுதியவர், தன் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் கன்னியம்மா, பத்தாவது பெயிலானவளை மண்டபத்தில் உட்கார வைக்க வெட்கப்பட்டிருப்பார்கள் என்றாள். இன்னொருத்தி, ஆரிபா, தன் காரணத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிடுவோம். ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியிருப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செவ்வாப்பேட்டையில் தன் வீட்டிலேயே கூட்டம் என்று முடிவு செய்தாள். பத்திரிகை அடித்து, அந்தப் பத்தொன்பது பேருக்கும் கையில் கொடுத்தாள். மண்டபத்துக்குப் போன இருபது பேர் வீட்டுக்கும் போய் வைத்தாள். ஆதிகேசவன் வீட்டைத் தாண்டித்தான் ஆட்டோ போனது. நிறுத்தச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் போன் அடித்தது.

"அக்கா, எல்லாருக்கும் பத்திரிகை வெச்சிக்கிறீங்களாம். என்னைய மட்டும் உட்டுட்டீங்க. நான் இன்னா பண்ணேன்?" என்றான் ஆதிகேசவன்.

"ஒண்ணும் பண்ணல தம்பி. சீட்டு குலுக்குனேன், உன் பேரு வரல. மனசுல வெச்சிக்காத. எப்பவும் போல எழுதிக்கினு இரு, ஒரு மாசம் கழிச்சி எத்தினின்னு எண்ணிப் பாக்குறேன்."

ஹெலன் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"எப்பிடிக்கா எழுத வரும்?" என்றான் கடைசியில்.

"அத எழுது உன் ரிப்போர்ட்டுல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.