கோபால் ஓட்டிய கார்

முப்பத்தொரு வருஷமாகப் பீங்கானைத் தட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருவது ஜாடியோ, கப்போ, பியூஸ் கேரியரோ, எதுவானாலும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். நல்ல உருப்படி ‘ணங்’ என்று பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி ‘டொக்’ என்று முனகும். கண்ணுக்குத் தெரியாத விரிசலெல்லாம் என் காதுக்குத் தெரிந்துவிடும். “கொளஞ்சிநாதனை ஏமாத்த முடியாதுப்பா” என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையில் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்தவன் நான். போன மாசம் நான் செய்த காரியத்துக்கு அப்புறம் அந்த நடை போய்விட்டது.

எங்கள் மகள் இளமதியைத் தை மாசம் ஆத்தூரில் கட்டிக்கொடுத்தோம். சம்பந்தி கோவிந்தசாமி ரிட்டையர் ஆன வாத்தியார். சம்பந்தியம்மா விரதம், பூஜை என்று இருப்பவர். கல்யாணச் சமையலில்கூட, ‘பூண்டு போட்ட கரண்டி சாமிக்குப் படைக்கிற பாத்திரத்தில் விழக்கூடாது’ என்று ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டவர். அவர்கள் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தங்குவதாகப் போன் செய்தார்கள்.

“கோயிலெல்லாம் மொத நாளே பாத்துருவோம் சம்பந்தி. மறுநாளு ஏரி, காடு, மடம்னு எங்கியாவது அமைதியா போயிட்டு வரலாம். பஸ்ஸு வேணாம். தனியா ஒரு காரு பேசிடுங்க” என்றார் வாத்தியார்.

கார் என்றால் எங்களுக்கு ஜாபர் அலிதான். அடுத்த தெரு. என்னைவிட ஆறு வயது சின்னவன். ரியாத்தில் பதினாலு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்து சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வாங்கினான். என் அப்பாவை நெஞ்சுவலி என்று கடலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான், அவர் உடம்பைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டு என்னைவிட அதிகமாக அழுததும் அவன்தான். இளமதி கல்யாணத்துக்கு மட்டும் வர முடியவில்லை. அவன் மனைவி ஜைத்தூன் பீவிக்கு ஆபரேஷன் ஆகிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதனால் ஆத்தூர்க்காரர்களுக்கு அவனைத் தெரியாது.

தெரியாது என்பதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

பயணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஜாபரு, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத.”

“சொல்லுங்கண்ணே.”

“சம்பந்தி வூட்டுல கொஞ்சம் ஆசாரம் பாக்குறவங்க. நாளைக்கு மத்தியானம் மடத்துல சாப்பாடு. எல்லாரும் ஒரே பந்தியில ஒக்காரணும். நீ வெளிய வண்டிகிட்ட நின்னா எனக்கு மனசு கேக்காது. அதனால... யாராவது பேரு கேட்டா கோபால்னு சொல்லிடுவமா? ஒரு நாளு மட்டும்.”

பாருங்கள், அவனுக்கு நல்லது செய்கிறவன் மாதிரியே பேசினேன். அதுதான் இதில் பெரிய கேவலம். சம்பந்தி முன்னால் என் மரியாதை போய்விடக் கூடாது என்பது என் பயம். அதை அவனுடைய சாப்பாட்டுக் கவலையாக மாற்றிச் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்த கை நின்றது. “எந்த மடம்ணே?”

“கல்வராயன் மலையடிவாரத்துல, ஆலமரத்தடியில ஒரு மடம் இருக்குதே, அது.”

லேசாகச் சிரித்தான். “சரிண்ணே. ஒரு நாளுதான.”

அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். விருந்தாளிகள் காதில் விழாமல் அடுப்படியில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி பானுமதி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“உங்கப்பாவைத் தூக்கிட்டு ஓடுனப்ப அவரு கோபாலா, ஜாபரா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு.”

“தெரியாமயே இருந்துட்டுப் போறேன். நான் கோபாலுன்னு கூப்புட மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். எப்போதும் வாய் நிறைய “பாய்” என்று கூப்பிடுகிறவள், மறுநாள் முழுவதும் அவனை ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் “இந்தாங்க”, முறுக்கு கொடுத்தாலும் “இந்தாங்க”.

காலை ஆறு மணிக்குக் கார் வந்து நின்றது. பைகளை வைக்கப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பின்கண்ணாடியில் பச்சை எழுத்தில் ‘மாஷா அல்லாஹ்’ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லை. அது இருந்த இடத்தில் நீளமாகப் பசைத் தடம் மட்டும் இருந்தது. பிளேடால் சுரண்டிய கோடுகளும் தெரிந்தன. உள்ளே கண்ணாடியில் தொங்கும் 786-ஐயும் காணோம்.

நான் பேரை மட்டும்தான் மாற்றச் சொன்னேன். மிச்சத்தை அவனாகவே செய்திருந்தான். அவன் பக்கம் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்து, “கெளம்பலாமா சம்பந்தி?” என்று வாத்தியார் கேட்க, டிக்கியை மூடினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

வேப்பூரில் ரோட்டோரக் கடையில் இட்லி சாப்பிட்டோம். டீ குடிக்கும்போது வாத்தியார், “டிரைவர் பேரு என்னங்க?” என்றார். ஜாபர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு “கோபால்” என்றேன். சொன்ன வேகத்தில் டீ புரையேறிவிட்டது. வாத்தியார் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்போது ஜாபருக்குப் போன் வர, அவன் காதில் வைத்தபடியே லாரிகள் நிற்கிற பக்கம் போய்விட்டான்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இறங்கிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். வெயில் ஏறவில்லை. எங்கேயோ மயில் அகவியது. சம்பந்தியம்மா சின்னப் பெண் மாதிரி சந்தோஷப்பட்டு, “கோபால் தம்பி, இது என்ன மரம்? அது என்ன மரம்?” என்று கேட்டபடி வந்தார். அவனும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்தப் பேர் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் யாரைச் சொல்கிறார்கள் என்று உறைத்தது. அவன் மட்டும் ஒரு தடவைகூடத் தாமதிக்காமல் திரும்பினான். நன்றாக நடிக்கிறானே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மடத்து வாசலில் ஒரு மேஜை. சாப்பிடுகிறவர்களின் பேரையும் ஊரையும் மடத்து மேனேஜர் ஒரு நோட்டில் எழுதுவார். எங்களைப் பார்த்ததும், இல்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்ததும், அவர் முகம் மலர்ந்தது. “அடடே, வாங்க” என்று எழுந்தேவிட்டார். ஜாபர் சட்டென்று கையைக் கூப்பினான்.

“வணக்கங்க. நான் கோபாலு. இவங்களுக்கு டிரைவரா வந்துருக்கேன்.”

மேனேஜர் பேனா நின்றது. அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். விருந்தாளிகள் எல்லோரையும் இப்படித்தான் வரவேற்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விரிசல் கண்டுபிடிக்கிற காது அன்று எங்கே போயிற்றோ.

பந்தியில் எனக்கு இடது பக்கம் வாத்தியார். பெண்கள் எதிர் வரிசை. ஜாபர் கடைசியில் உட்கார்ந்தான். பரிமாறிய ஆள் ஊறுகாய் ஜாடியை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரண்டியைத் தேடினார். வெள்ளை ஜாடி, கழுத்தில் ரெண்டு பச்சை வளையம். என் விரல் சும்மா இருக்குமா? சுண்டினேன். ‘ணங்’ என்றது. எங்கள் யூனிட் சரக்கு!

“இது எங்க ஜாடியாச்சே! விருத்தாசலத்து ஜாடி. இங்க எப்படிங்க வந்துச்சு?” என்றேன் பெருமையாக.

“நம்ம பாய் குடுத்ததுங்க. ரெண்டு வருசமாச்சு. மொத்தம் ஆறு ஜாடி.”

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஜாபர் யூனிட்டுக்கு வந்து, “அண்ணே, ஆறு ஜாடி நல்லதா பொறுக்கிக் குடுங்க, ஒரு எடத்துக்குக் குடுக்கணும்” என்றது ஞாபகம் வந்தது. ஐம்பது ஜாடியைத் தட்டிப் பார்த்து ஆறு எடுத்துக் கொடுத்தவன் நானேதான். எந்த இடம் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இருந்தாலும் வாய் கேட்டது:

“எந்த பாய்?”

அந்த ஆள் என்னை விநோதமாகப் பார்த்தார். “உங்கள இட்டாந்தாரே, அவருதாங்க. கொரோனா நேரத்துல மடத்து சாப்பாட்ட மல ஊருங்களுக்கெல்லாம் ஏத்திட்டுப் போனவரு. நோம்பு மாசங்க அது. அவரு வாயில ஒரு சொட்டுத் தண்ணி படாம, வண்டி நெறய சோத்த வச்சிக்கிட்டுப் போவாரு. இப்பகூட மாசம் ஒரு தபா வருவாரு, நம்மகூட ஒக்காந்துதான் சாப்புடுவாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு என்னமோ வேற பேரு சொல்றாருன்னு மேனேஜரு சொன்னாருங்க. எதனா வெளையாட்டா?”

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அவனைப் பந்தியில் உட்கார வைக்கவா நான் பேர் மாற்றினேன்? அவனுக்கு அங்கே எப்போதும் இலை இருந்தது. முதல் தடவையாக வந்து, எல்லாம் தெரிந்தவன்போல உட்கார்ந்திருந்தது நான்தான். அவன் ‘நான் ஜாபர்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மடமே அவனைக் கொண்டாடியிருக்கும். என் மானம் போய்விடக் கூடாது என்று தன்னைத் தெரிந்த இடத்திலேயே தெரியாதவனாக உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு இலையை மூடிவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் வாத்தியார் தலையைத் தூக்காமல் மோருக்குக் காத்திருந்தார். நல்லவேளை, அவர் காதில் விழவில்லை என்று அப்போதும் ஒரு அற்ப நிம்மதி.

திரும்பும் வழியில் திட்டக்குடிப் பக்கம் திரும்பி வெலிங்டன் ஏரிக்குப் போனோம். சாயங்கால வெயில் தண்ணீர் முழுக்கக் கிடந்தது. கரையில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். நான் காரின் பின்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஓடிய தூசி அந்தப் பசையில் மட்டும் திட்டாக ஒட்டியிருந்தது. காலையைவிட இப்போது பளிச்சென்று தெரிந்தது.

சம்பந்தியம்மா மடத்தில் கொடுத்த வாழைப்பழச் சீப்பைப் பிரித்தார். “கோபால் தம்பி, இந்தாங்க, புள்ளைங்களுக்குக் கொண்டுபோய்க் குடுங்க.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அவன் பேரு கோபால் இல்லைங்க” என்றேன். குரல் எனக்கே டொக்கென்று கேட்டது. “ஜாபர் அலி. நான்தான் பொய் சொன்னேன்.”

வாத்தியார் மெதுவாகச் சொன்னார்:

“தெரியும் சம்பந்தி.”

“மடத்துல கேட்டுதுங்களா?”

“காலையிலயே தெரியும். வேப்பூர்ல அவருக்குப் போன் வந்துச்சே, பாய் வூட்டுப் புள்ளைங்க அப்பாவைக் கூப்புடுற மாதிரி ‘அத்தா’ன்னு ஒரு பொண்ணு கூப்புட்டது எங்க ரெண்டு பேருக்குமே நல்லாக் கேட்டுது.”

“அப்ப நீங்க ஏன்...”

வாத்தியார் சங்கடமாக மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னார். “நீங்க அந்த மாதிரி ஆளுங்க போலருக்குன்னு நெனச்சோம். பாய் வண்டியில போறது உங்க சனத்துல தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டமோ என்னமோ. பொண்ணு எடுத்த வூட்டுல போயி நாம ஏன் குத்திக் காட்டணும்னு நாங்களும் கோபால் கோபால்னே கூப்புட்டோம். தப்பா நெனச்சிருந்தா மன்னிச்சிக்குங்க.”

அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பந்தியில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தபடியே, எனக்காகப் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். பானுமதி ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஜாபர் பழத்தை வாங்கிக்கொண்டான். “நேரமாச்சுங்க, போலாமா?” என்றான்.

வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கி உள்ளே போன பிறகு, நான் ஓட்டுகிற பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அந்த மடத்துல உன்ன எல்லாருக்கும் தெரியும்னு நேத்தே சொல்லியிருக்கலாமில்ல, ஜாபரு?”

“நீங்க கேட்டுட்டீங்க. அதுக்கப்புறம் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு வுட்டுட்டேன்.”

“திட்டுடா. நாலு வார்த்த திட்டிட்டுப் போ.”

“எனக்குக் கோவம்லாம் இல்லண்ணே.” ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னான். “நேத்து நீங்க போனதும் ஸ்டிக்கரை உரிச்சேன். நம்ம பொண்ணு மஹிரா பாத்துட்டா. பெருநாளைக்கு அவளே வாங்கியாந்து ஒட்டுனது அது. ஏன் அத்தா உரிக்கிறீங்கன்னு கேட்டா. காலையிலயும் போன் பண்ணி அதையேதான் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலண்ணே.” சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டே, “அதுக்கு மட்டும் நீங்க வந்து ஒரு பதில் சொல்லிடுங்க. போயிட்டு வரேன்” என்றான்.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டாரைப் பஸ் ஏற்றிவிட்டு, அதே மாதிரி பச்சை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் நின்றது. மஹிரா ஸ்கூல் யூனிபாரத்தில், ஈரத்துணியால் அந்தப் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிற பிள்ளை. என்னைப் பார்த்ததும், “அத்தா, கொளஞ்சி பெரியப்பா வந்துருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, “தேச்சாலும் போவ மாட்டேங்குது பெரியப்பா” என்றாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்த பதில்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட ‘ணங்’ என்று சொல்லவில்லை.

“அத உரிக்க வச்சது நான்தாம்மா” என்றேன்.

அவள் துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஏன் பெரியப்பா?”