வலுக் குறைந்து வருகிறது

செல்வப்பிரியா ஒரு கையால் அப்பாவின் உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றிக்கொண்டே, மறு கைக் கட்டைவிரலால் அலைபேசியில் எழுதியிருந்த சொல்லை அழித்தாள். 'ஃபாதர் இஸ்' என்பது மட்டும் நின்றது. அரை மணி நேரமாக அதற்கு மேல் நகரவில்லை.

அண்ணன் மோகனசுந்தரம் கத்தாரில் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்ட்டில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். அவசர லீவு வேண்டுமென்றால், வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் எழுதி வந்ததைச் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த அவள் ஒருத்திதான்.

ஆடியில் ஒரு முறை எழுதினாள். அப்போது அப்பா நஞ்சப்பனை இதயக் கோளாறுக்காகக் கோயமுத்தூரில் ஐ.சி.யு.வில் வைத்திருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஒரு இளம் டாக்டர், கூட வந்தவரிடம் 'சிங்க்கிங்' என்று சொல்லிக்கொண்டு போனார். அப்பாவைச் சொன்னாரா, பக்கத்துப் படுக்கையைச் சொன்னாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கக் கூச்சம். உயிர் அமிழ்கிறது என்கிற அந்தச் சொல்லை அப்படியே அனுப்பிவிட்டாள். மறுநாளே அண்ணன் வந்து இறங்கினான். அதற்கு அடுத்த நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சி ஆகாது, வீட்டிலிருந்து கொள்ளு ரசம் கொண்டு வரவேண்டும் என்றார்.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். பன்னிரண்டு நாள் இருந்தான். திரும்பிப் போகக் காரில் ஏறும்போதுதான் சொன்னான்.

"இனி ஒருக்காத்தான் உடுவாங்க பாப்பா. பாத்து எழுது."

திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

அந்த ஒரு முறை இப்போது அவள் கட்டைவிரலில் இருந்தது. முந்தி எழுதினால் அவன் வந்து, காத்திருந்து, திரும்பிப் போய்விடுவான். நடக்கும்போது வர முடியாது. பிந்தி எழுதினாலும் அதேதான்.

அவளுக்கு ஐந்து சொற்கள் தெரியும். 'ஃபேடிங்' துணியில் சாயம் போவதற்குச் சொல்வது. மனிதருக்கும் சொல்லலாம், ஆனால் சூப்பர்வைசருக்கு அது லீவு கொடுக்கிற சொல்லாகப் படாது. 'டிக்ளைனிங்' வரைபடத்தில் கோடு இறங்குவது. எத்தனை வேகத்தில் என்று கேள்வி வரும். 'ஃபெயிலிங்', இதயம் செயலிழப்பது, நான்கு வருடமாக அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினார், கடலைக்காய் பிடுங்கினார். 'சிங்க்கிங்' ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சம் 'வீக்கனிங்', வலுக் குறைந்து வருவது.

"என்ன பாப்பா எழுதற?" அப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"அண்ணனுக்குங்கப்பா."

"நல்லாருக்கறன்னு எழுது."

ஒன்பது மணிக்கு, தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் வண்டி வந்தது. டிரைவர் ஜோஜோ வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்த, நர்ஸ் பெர்சி பையோடு இறங்கி வந்தாள். சக்குபள்ளம் ஏலத்தோட்டப் பக்கத்துக்காரி. வேலைக்காக இங்கே வடகரப்பதிக்கு வந்து ஆறு வருடமாகிறது. அப்பாவின் காலை அமுக்கிப் பார்த்தாள். வீக்கத்தில் விரல் பதிந்த குழி மூட நேரமெடுத்தது. ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கருவியை மடிக்காமல் இன்னொரு முறையும் பார்த்தாள். செல்வப்பிரியா வாசல்வரை அவள் பின்னாலேயே போனாள். எத்தனை நாள் என்று கேட்க நினைத்து, என்ன எழுதட்டும் அக்கா என்று கேட்டாள்.

"நாள்க் கணக்கெல்லாம் நான் சொல்ல மாட்டேம்மா. நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் தளர்ச்சி. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்." செருப்பை மாட்டிக்கொண்டு, சற்று நின்றாள். "உங்க அண்ணன் எம்புட்டுத் தூரம்?"

சொன்னாள். பெர்சி தலையை ஆட்டினாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி போன பிறகு, பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் இரண்டு இளநீரோடு வந்தார். அவள் கையில் அலைபேசியைப் பார்த்ததும் அவருக்கு வாய் நிற்கவில்லை.

"ஏன் அம்முணி, மறுக்கா பையனைப் பிளேன் ஏத்தப் பாக்கறயா? நீ அங்க எழுதுனீன்னா, உங்கப்பன் இங்க எந்திரிச்சுக் கறிச்சோறு கேப்பான்."

அப்பாவின் வாயோரம் அசைந்தது. அது சிரிப்புத்தான். செல்வப்பிரியா நாடியை எண்ணினாள். குறைவு, ஆனால் சீராக இருந்தது. இளநீர் மூன்று கரண்டி இறங்கியது. ஆளை அடையாளம் தெரிகிறது, பேசுகிறார். இதையெல்லாம் பார்த்தால் 'வீக்கனிங்' சரியான சொல். எழுதினாள். அனுப்பும் முன் அதற்கு முன்னால் 'ஸ்லோலி' என்று ஒன்றைச் சேர்த்தாள். மெல்ல மெல்ல. மற்றவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து எழுதியவள், அதை மட்டும் எதிலும் அளக்கவில்லை. அண்ணன் பத்து நாளாக ஷிப்ட் முடிந்தும் தூங்காமல் மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தான். அதனால் சேர்த்தாள்.

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதன் கீழே, 'சரி பாப்பா, படுக்கறேன்.'

ஒன்றே கால் மணிக்கு அப்பாவின் மூச்சுக்களுக்கு நடுவே இடைவெளி வந்தது. அவள் எண்ணினாள். ஆறு. பிறகு ஒன்பது. பிறகு பதினைந்து. அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எண்ணிக்கையை விட மனம் வரவில்லை. நாற்பது தாண்டியது. அறுபது தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா மருதாத்தாள் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்து, நின்று பார்த்து, கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, கணவரின் தாடையை மெதுவாக மேலே ஏற்றிப் பிடித்தாள்.

"எண்ணுனது போதும் கண்ணு," என்றாள்.

அண்ணன் அலைபேசியை எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. அறையில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் பகல் ஷிப்ட். அவர்கள் நம்பரும் இவளிடம் இல்லை. இரண்டு மணிக்குள் வாசலில் நாற்காலிகள் விழுந்தன. குப்பண்ணன்தான் எல்லாவற்றையும் பார்த்தார். காலையில் பேசியவர் இவர்தானா என்று இருந்தது. அவள் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கடைசியில் அவர்தான் கேட்கவும் வேண்டியிருந்தது. பொழுதுக்குள் எடுப்பதா, பையன் வரும்வரை வைப்பதா, நாலு ஊருக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்றார்.

"அவன் மொகம் பாக்காம எடுக்கக் கூடாதுங்க," என்றாள் மருதாத்தாள்.

"பையன் எப்ப வர்றான்னு தெரியணுமுங்கொ."

எல்லோரும் செல்வப்பிரியாவைப் பார்த்தார்கள். தூங்குகிறான் என்று சொன்னாள். குப்பண்ணன் வேலந்தாவளத்துக்கு ஃபோன் போட்டு ஃப்ரீசர் பெட்டியை அனுப்பச் சொன்னார்.

அவள் சமையலறைக்குப் போய் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். இந்த முறை சொல்லைத் தேடவேண்டியிருக்கவில்லை. ஒரே சொல்தான், மூன்று எழுத்து, அதன் முடிவில் ஒரு எழுத்துக் கூட்டினால் கடந்தகாலம். சூப்பர்வைசர் உடனே விட்டுவிடுவார். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தனியாக இருக்கும் அறையில் அவன் முதலில் படிப்பது இதுவாக இருக்கும். அழித்துவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு அலைபேசி அதிர்ந்தது. பின்வாசல் வழியாக இறங்கி, மோட்டார் ரூமைத் தாண்டித் தென்னைக்குள் போனாள். முன்வாசலில் பெண்கள் அழும் சத்தம் இங்கேவரை எட்டியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த்தான் எடுத்தாள்.

"பாப்பா." குரலில் தூக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. "சைலண்ட்டுல போட்டுட்டுப் படுத்துட்டேன். பதினாலு கால் இருக்குது."

"ஆமாண்ணா."

அப்பா எப்படி இருக்கிறார் என்று அவன் கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன் வேகவேகமாகப் பேசத் தொடங்கினான்.

"நல்லாத் தூங்கிட்டேன் பாப்பா. மெல்லத்தான்னு எழுதியிருந்தயா, சரி, இன்னும் நாளிருக்குதுன்னு. பத்து நாளைக்கப்பறம் இன்னிக்குத்தான் அப்படித் தூங்குனேன். ரூம்ல ஏசி ரிப்பேரு, அதுகூடத் தெரியல. வேர்த்து ஊத்தியிருக்குது, எந்திரிக்கல. ஒரே தூக்கம்."

"அண்ணா."

அவன் நிறுத்தினான்.

"போயி மூஞ்சி கழுவிட்டு வாங்ண்ணா. நான் லைன்லயே இருக்கறேன்."

"ம்," என்றான். அலைபேசியை எதன்மேலோ வைத்த சத்தம். கால் நடை. ஒரு கதவு. குழாய் திறந்தது.

அவள் அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கை ஏந்துகிற சத்தம் இல்லை, முகம் கழுவுகிற சத்தம் இல்லை. தண்ணீர் எதிலும் படாமல் நேராக விழுந்துகொண்டே இருந்தது.