கோன்ச்சோவின் வயிற்றில் கத்திய ஆட்டுக்குட்டி

அரசாங்கக் கமிட்டி முன்னால் ஆன்செல்மோ குரிவில் வாக்குத் தவறிய செவ்வாய்க்கிழமை மதியம், பல வருடங்களுக்கு முன் அவர் தின்று செரித்திருந்த ஆட்டுக்குட்டி அவர் வயிற்றுக்குள்ளிருந்து கத்தியது. அது செகுந்தோ பாய்னேமால் வளர்த்த ஆடு. நவெல்புத்தா மலையில் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் ஆடு அறுத்து விருந்து வைத்தால் கோன்ச்சோ ஆகிவிடுவார்கள். அதன்பின் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, காலை வாருவதுமில்லை.

ஆன்செல்மோவின் மேட்டில் நின்ற பெவென் மரங்களும், செகுந்தோ தன் பிள்ளைபோல் பார்த்துவந்த ஓடைச்சரிவின் பவளக்கொடியும் ஒருசேர அழிந்துகொண்டிருந்தன. காப்பாற்ற அரசாங்கத்திடம் இருந்ததோ ஒரே ஒரு வேலி. வேலி கிடைக்காத பக்கம் மரக் கம்பெனி தைலமரம் நடும். தலைநகரிலிருந்து கமிட்டியோடு வந்த தாவரவியல் டாக்டர் உர்சுவா, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவரைப்போல, இரண்டில் எது அதிகம் செத்திருக்கிறது என்று ஒப்பிட்டு உரையாற்றினார். பெவென் ஆயிரம் வருடம் வாழும். ஆண் தனி, பெண் தனி. பூக்காமலே கொட்டை தரும். முக்கியமாக, சாலையிலிருந்தே தெரியும். பவளக்கொடி அடுத்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நிழலில் ஏறும் ஜாதி. அதன் சிவப்புப் பூவைப் பார்க்கச் சேற்றில் இறங்க வேண்டும். கமிட்டியின் பூட்ஸ்கள் புதியவை.

"ஆயிரம் வருஷம் இருக்கிறவனுக்குத்தான் அவசரமா வேலி வேணுமாக்கும்" என்றாள் செகுந்தோவின் மனைவி ரோசெந்தா, டாக்டருக்குக் கேட்கும்படியாகவே.

அன்று காலை மாத்தே டீ குடித்தபோதுதான் கோன்ச்சோக்கள் இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"எது வேணும்னு கேட்டா ரெண்டும்னு சொல்றோம். இல்லேன்னா ஒண்ணுமே வேணாம்" என்றார் செகுந்தோ.

"இதைச் சொல்லணுமா கோன்ச்சோ? உன் ஆட்டைத் தின்னவன்யா நான்."

மதியம் கமிட்டியில் கேட்டார்கள். செகுந்தோ "ரெண்டும்" என்றார். ஆன்செல்மோ தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு "பெவென்" என்றார். உடனே உள்ளே ஆடு கத்தியது. பிரதேசத்தின் கால்நடை வளம் திருப்தியளிப்பதாக டாக்டர் குறித்துக்கொண்டார்.

மழைக்கு முன் வேலி எழுந்தது. மழையோடு கம்பெனி சரிவை மொட்டையடித்தது. பூக்கள் ஓடையில் மிதந்து வந்ததை செகுந்தோ பார்க்கப் போகவில்லை. தண்ணீர் மொள்ளப் போன ரோசெந்தா பூக்களைப் பார்த்துவிட்டுக் காலி வாளியோடு திரும்பினாள். ஆடு நிற்கவில்லை. பூசையில் கத்தியது, சாவு வீட்டில் கத்தியது. ஊரார் பழகிக்கொண்டார்கள், கடந்துபோகும் தாய் ஆடுகள் மட்டும் திரும்பிப் பார்த்தன. நகரத்து ஆஸ்பத்திரியில் வாயு மாத்திரை கொடுத்தார்கள்.

சில வருடம் கழித்து, வறண்ட கோடை ஒன்றில் ஆன்செல்மோ செகுந்தோவின் வாசலில் வந்து நின்றார்.

"கோன்ச்சோ, தூங்க முடியலய்யா. வேற ஆடு அறுக்கிறேன், வா."

செகுந்தோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றின் உயரத்துக்குக் குனிந்தார்.

"தாகமாடா உனக்கு?"

சொம்பில் தண்ணீர் வந்தது. ஆன்செல்மோ குடித்தார். கத்தல் அடங்கியது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் தண்ணீருக்கு வருகிறார். செகுந்தோ ஆட்டுக்குட்டியிடம் மழை ஏமாற்றியதைச் சொல்வார், ரோசெந்தாவின் முழங்கால் வலியைச் சொல்வார், சில நாள் சிரிக்கக்கூடச் செய்வார். அதைச் சுமந்து வருபவரிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.