கிறிஸ்துமஸ் அன்று பங்காரப்பேட்டை வண்டி

பண்டிகை எவருடையதானாலும் பங்காரப்பேட்டை பாசஞ்சர் ஓடியாக வேண்டும். அதனால் எங்கள் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் ரயில் கார்டுகளுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தீபாவளியன்று நாராயணசாமியின் வண்டியை ரெமிஜியஸ் கொண்டுபோவார்; கிறிஸ்துமஸன்று ரெமிஜியஸின் வண்டியை நாராயணசாமி. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

1958 தீபாவளிக்கு ரெமிஜியஸ் போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாராயணசாமி டாக்டர் சர்டிபிகேட்டை அனுப்பிவிட்டார். ஜுரமாம்.

ரெமிஜியஸின் மகள் நோரா கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளை வடக்கே, பாட்னா பக்கம் அனுப்புகிறார்கள். இனி எத்தனை வருஷம் கழித்து வருவாளோ. கிறிஸ்துமஸன்று பகல் மட்டும் பிரேசர் டவுன் வீட்டில் இருக்க மடத்தில் அனுமதி. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வண்டியோ ராத்திரிதான் திரும்பும்.

"சார், இந்த ஒரு நாள்" என்று ரெமிஜியஸ் கேட்டதற்கு ஸ்டேஷன் மாஸ்டர், "வண்டி ஓடணுமேப்பா. வேற ஆள் எங்க இருக்கான்?" என்றார். டிக்கெட் கிளார்க்கான நான் பக்கத்தில் நின்றேன். கார்டு வேலையை நான் செய்ய முடியாது.

ஆகவே காலைப் பூசை முடிந்ததும் ரெமிஜியஸின் மனைவி ஜூடித்தம்மா நோராவை நேரே பிளாட்பாரத்துக்கே கூட்டிவந்தார். வண்டி புறப்படும் வரையாவது அப்பாவோடு பேசட்டும் என்று.

அப்போதுதான் நாராயணசாமி வந்தார். பட்டு ஜிப்பா, சென்ட் வாசனை, பின்னால் மனைவி சரளா, இடுப்பில் குழந்தை. கோலாரில் மச்சினி வீட்டுக்கு, ரயில்வே பாஸில்.

"ஜுரம்னீங்களே?" என்றேன்.

"காலைல எறங்கிடுச்சிப்பா. சர்டிபிகேட்டை வாபஸ் வாங்க முடியுமா? சும்னே பேஜாரு, வீண் தொல்லை."

"இப்ப நீங்க கார்டு கோட்டை மாட்டிக்கிட்டு ஏறினா அவர் வீட்டுக்குப் போவார். எப்படியும் இதே வண்டியிலதானே போறீங்க?"

சரளா புருஷனைப் பார்த்தாள். "போங்களேன்."

"நீ சும்மா இரு. சிக் லீவுல இருக்கிறவன் டூட்டி பார்த்தா சார் மாட்டிக்குவாரு." ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கையில் நாராயணசாமி வீட்டு அதிரசம்.

அதோடு விட்டாரா நாராயணசாமி? வண்டியின் கடைசியில் ரெமிஜியஸும் நோராவும் நின்ற பிரேக் வேன் பக்கம் நேரே நடந்தார்.

"அடடே, நம்ம நோராவா! சிஸ்டராயிட்டியேம்மா! குழந்தை தலையில கை வைம்மா. சாப்பிடவே மாட்டேங்குது. பாட்னாவுல ரொம்பக் குளிராமே? ஸ்வெட்டர் இருக்கா? எங்க சித்தப்பா அங்க ஒரு வருஷம் இருந்தாரு, கேளு..."

அவள் மரியாதையாகக் கேட்டாள். குழந்தையின் தலையில் கை வைத்தாள். ரெமிஜியஸ் கொடியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார். சித்தப்பாவின் கதை முடியவில்லை. சிக்னல் இறங்கிவிட்டது. நாராயணசாமி ஓடிப்போய்ப் பெட்டியில் ஏறினார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் ரெமிஜியஸ்.

"இல்லப்பா. பூசையிலிருந்து நேரா வந்தோம்."

"போய் சாப்பிடு."

விசிலை ஊதிப் பச்சைக் கொடியைக் காட்டினார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியே பட்டு ஜிப்பாக் கை முழங்கை வரை வெளியே வந்து ஆடியது.

"ஜூடித்தம்மா, கவலையே படாதீங்க! ரெமியை நான் பாத்துக்கறேன்!"

தண்டவாளத்தில் காறித் துப்பினேன். நோரா பார்த்துவிட்டாள். கடைசி வேன் வளைவில் மறையும் வரை நின்றுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.