திரும்பி வந்த சட்டைகள்

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்குவது வாடைதான். ஈர மண், டீசல், நாள்பட்ட வியர்வை. எல்லாவற்றுக்கும் அடியில் துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தாற்போல் இன்னொன்று. அது என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிழக்கு வெளுப்பதற்குள் நூற்றிருபது மூட்டைகளை இறக்கியாக வேண்டும். காய்ந்த மூட்டை முப்பது கிலோ, நனைந்து வந்தால் ஐம்பதுக்குக் குறையாது. இரண்டு பேர் கொக்கி போட்டு இழுத்தால்தான் நகரும். இழுத்து முடிக்கும்போது முதுகுத்தண்டில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலிக்கும்.

அவளைச் சலவை ஆலையில் மூக்கி என்று கூப்பிடுவார்கள். மூக்கு பெரிதென்று அல்ல. கறை எதனால் வந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். எண்ணெயா, மருந்தா, காய்ச்சல்காரன் வியர்வையா, பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அப்போதெல்லாம் ஆஸ்பத்திரிப் போர்வையும் ஓட்டல் துண்டும்தான் வந்துகொண்டிருந்தன. போர் தொடங்கிய இரண்டாம் மாதம் முதலாளிக்கு ராணுவ ஒப்பந்தம் கிடைத்தது. அன்றிலிருந்து பச்சை உடுப்பைத் தவிர வேறு துணியைக் கண்ணால் பார்க்கவில்லை.

மூட்டையைப் பிரித்து, சட்டைப் பைகளைத் துழாவி, கறைவாரியாகப் பிரித்துப் போடுவது மூக்கியின் வேலை. ஒரே ஒரு பேனா தப்பிப்போனால் தொட்டித் துணி முழுக்க நீலமாகிவிடும். பையில் அகப்படுவதை எல்லாம் தகரப் பெட்டியில் போட வேண்டும். சாயங்காலம் சூப்பர்வைசர் பூட்டி எடுத்துப் போவான். வீட்டுச் சாவி, பாதி கடித்த பிஸ்கட், குழந்தை தலையில் மாட்டுகிற கிளிப். முதல் வாரம் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பார்க்காமலே போடக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் காலரை மட்டும் பார்த்துவிடுவாள். காலரின் உள்பக்கம் ஆறு இலக்க எண் தைத்திருக்கும். அவள் தம்பியும் போர்முனையில்தான் இருந்தான், கட்டாயச் சேர்ப்பில் இழுத்துக்கொண்டு போனார்கள். போனில் பேசி எழுபது நாளாகிறது. அவன் எண் அவளுக்கு மனப்பாடம். காலரைத் திருப்பி, அது இல்லை என்றதும் அப்பாடா என்றிருக்கும். அடுத்த நொடியே வெட்கமாக இருக்கும். இதுவும் எவளோ ஒருத்திக்குத் தம்பிதானே.

பக்கத்து மேஜை தையல்காரியுடையது. முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவள். சேதமான சட்டையை ஒட்டுப்போட்டு, பழைய எண்ணைப் பிரித்தெடுத்து, புது எண் தைப்பாள். ஆறாம் நாள் அந்தச் சட்டை இன்னொருவன் உடம்பில் ஏறியிருக்கும்.

"சண்டையில துணி கிழியும், சரி. கீழேயிருந்து கழுத்து வரைக்கும் இப்படி நூல் புடிச்ச மாதிரி கிழியுமாக்கா?"

"ஆஸ்பத்திரில கத்தரி போட்டு வெட்டுவாங்க. பட்டனக் கழட்ட நேரம் இருக்காது."

"அப்புறம் உள்ள இருந்த ஆளு?"

மூக்கி அடுத்த மூட்டையை இழுத்தாள். சாப்பாட்டு அறை டிவியில், இஸ்திரி கலையாத கோட்டுப் போட்டவன், எதிரி பின்வாங்குகிறான், நம் பக்கம் சேதம் சொற்பம் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு லாரி வந்த இடத்தில் மூன்று வரத் தொடங்கியிருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரியின் வாய் நின்றது. மடியில் ஒரு சட்டை. உள்பை ஆரஞ்சு நூலால் தைத்திருந்தது.

"இது நான் தச்சதுக்கா. எங்க தெருமுனைல காய்கறி விக்கிறாங்களே ஒரு அம்மா, அவங்க பையன் லீவுல வந்தப்ப. பச்சை நூல் தீந்துபோச்சு. யாரு பாக்கப் போறா, தையுங்கன்னு சிரிச்சான்." சட்டையை நீட்டினாள். அதுவும் கீழேயிருந்து கழுத்துவரை வெட்டியிருந்தது. "நீ பாத்துச் சொல்லு."

மூக்கி முகர்ந்தாள். முகர்ந்திருக்கவே வேண்டாம். முன்பக்கம் முழுக்க அட்டைபோல் விறைத்திருந்தது.

"எவ்வளவு?"

"இவ்வளவு போனா ஆளு தேறாதுடி."

"சிக்னல் இல்லாத எடத்துல இருக்கான்னு ராணுவத்துலேருந்து சொல்லியிருக்காங்களாம். தெனம் போனைக் கையிலயே வச்சிட்டுக் காய் நிறுக்கறாங்க."

அன்று சாயங்காலம் தையல்காரி அந்த அம்மா வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் அந்த அம்மா ராணுவ அலுவலகத்து வாசலில் போய் நின்று, என் பையன் எங்கே என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை தையல்காரியின் நாற்காலி காலியாக இருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு நம்பர் பலகை இல்லாத காரில் நாலு பேர் வந்து கூட்டிப்போனார்களாம். அவள் புருஷன் ஆலை வாசலில் நின்று சொன்னான். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தான், அதுகூடத் தெரியாமல் நின்றான். உள்ளே ஒவ்வொரு மேஜைக்கும் நேர்மேலே கட்டைவிரல் தடிமனில் ஒரு புதுக் கேமரா முளைத்திருந்தது.

பத்து மணிக்கு மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால், கதவோரமாக, சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். அவன் யாரென்று யாரும் சொல்லவில்லை. முதலாளி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"ராணுவத் துணியத் திருடி, அந்தக் காய்கறிக்காரம்மா வீட்டுக்குப் போய் வித்திருக்கா. நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க. கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது."

"நாங்க எதையும் பாக்கலையே சார்." சொன்னது இஸ்திரிக்காரர். இருபது வருஷம் ஆவியில் நின்று புருவம் உதிர்ந்துபோன மனிதர்.

"பாக்காம இருந்தது நல்லதுதான். பாத்ததா எழுதிக் குடுத்தா இன்னும் நல்லது."

"அவ அந்த வீட்டுக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

முதலாளி கதவுப்பக்கம் பார்த்தார். சாம்பல் சட்டைக்காரன் தலையசைத்தான்.

"இருபத்திரண்டு நிமிஷம் நின்னிருக்கா. உங்க போன்ல வருகைப் பதிவுக்குன்னு ஒரு செயலி இருக்கில்ல" என்றார் முதலாளி.

"வேலைக்கு வந்தோமான்னு பாக்கத்தான்னு சொன்னீங்களே."

"வந்தீங்களான்னும் பாக்கும், போனீங்களான்னும் பாக்கும். கண்ணுன்னு ஒண்ணு வச்சா ஒரு பக்கம் மட்டுமா பாக்கும்?" முதலாளி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் வீடு வாசல் இருக்குப்பா. நாளைக் காலைல எல்லா மேஜையிலயும் காகிதம் இருக்கும். அவ்வளவுதான்."

மத்தியானம் சூப்பர்வைசர் மூக்கியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான். உள்ளே சாம்பல் சட்டைக்காரன் தனியாக உட்கார்ந்திருந்தான். குரல் மென்மையாக இருந்தது.

"உக்காருங்கம்மா. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதான். உங்க கையெழுத்துக்கு எடை அதிகம்." போனை மேஜைமேல் திருப்பி வைத்தான். திரையில் அவள் தம்பியின் ஆறு இலக்கம். "இதைத் தட்டினா எங்க இருக்கான், எப்படி இருக்கான்னு வந்துரும்."

அவள் போனை நோக்கிக் குனிந்தாள். "உயிரோட இருக்கானா?"

"கையெழுத்து போடுங்க. தட்டறேன்."

பேனாவை அவள் கையில் வைத்தே விட்டான். கனமான பேனா. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாளோ தெரியாது. அவன் விரல் திரைக்கு ஒரு நெல்லளவு உயரத்தில் அசையாமல் நின்றதுதான் நினைவிருந்தது. "காலைல சொல்றேன் சார்" என்று எப்படியோ எழுந்து வந்தாள்.

வீட்டில் தம்பி மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். எழுபது நாளாக அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"இன்னிக்கு, அண்ணி?"

"இல்ல."

அந்த வீட்டில் இல்லை என்பதுதான் நல்ல சேதி. மூக்கி போனை அலமாரிக்குள் துணிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து, நடந்ததைச் சொன்னாள். தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். போடுங்கள் அண்ணி என்று சொல்லிவிடுவாளோ என்று மூக்கிக்குப் பயமாக இருந்தது. சொன்னால் போட்டுவிடுவோமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

"அந்த அம்மாகிட்ட சிக்னல் இல்லன்னு சொன்னது யாரு அண்ணி?"

"இவங்கதான்."

"நாம ஒரு பொய்யைக் குடுத்தா இவங்க நமக்கு நிஜத்தைக் குடுப்பாங்களா?" உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கான்னுதான் சொல்வாங்க. நானும் நம்பிடுவேன். அதான் பயமா இருக்கு."

சாப்பாடு அப்படியே ஆறியது.

மறுநாள் மூட்டை இறக்கும்போதே இஸ்திரிக்காரர் ஒவ்வொருவராக உலர்த்தும் மெஷின் பக்கம் வரச் சொன்னார். அது சுழலும்போது காதோடு காது வைத்தால்தான் பேச்சு கேட்கும். கூரையில் இருக்கும் கேமராவுக்கு என்ன கேட்கும், உதட்டைப் படிக்குமா என்று யாருக்கும் தெரியாது. வாயை ஈரத்துணியால் மறைத்துக்கொண்டு பேசினார்கள்.

"போட மாட்டோம்னு சொன்னா நாளைக்கு இன்னும் நாலு நாற்காலி காலியாகும்" என்றாள் தொட்டிக்காரி.

"தனித்தனியா சொன்னா ஆகும். எல்லாரும் எந்திரிச்சுப் போய் ஸ்டேஷன் வாசல்ல நின்னு அவ எங்கன்னு கேப்போம்" என்றார் இஸ்திரிக்காரர்.

"அஞ்சு பேருக்கு மேல நின்னாலே சட்டம் இருக்கு அண்ணே. எந்தத் தெருவுல யாரு நின்னான்னு போனே எழுதி வச்சிரும்."

"போனை இங்கயே விட்டுட்டுப் போவோம்" என்றாள் மூக்கி. அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டது எல்லோருக்கும் தெரியும். "எனக்கு என்ன தர்றேன்னாங்கன்னும் சொல்லிடறேன்." சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த தொட்டிக்காரி தன் ஈரக் கையால் அவள் முழங்கையைப் பிடித்தாள், விடவில்லை.

"கொதிகலன்காரர்?" என்று யாரோ கேட்டார்கள். அவர் தனியாகக் கீழறையில் இருப்பவர். யாரோடும் ஒட்டமாட்டார். சூப்பர்வைசர் அவரோடுதான் டீ குடிப்பான்.

"அவர் காதுக்குப் போக வேணாம்" என்றார் இஸ்திரிக்காரர்.

எட்டு மணிக்குக் காகிதங்கள் மேஜைக்கு வந்தன. எட்டரைக்கு மூக்கி தன் காகிதத்தைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் போனை வைத்து எழுந்தாள். தானொருத்தி மட்டும் எழுந்திருக்கிறோமோ என்று ஒரு மூச்சு நேரம் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். பிறகு பின்னால் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஐம்பத்தொரு பேரில் ஒன்பது பேர் எழவில்லை. அதில் ஒருத்தி முகத்தைச் சட்டைக் குவியலில் புதைத்து அழுதாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்க போறீங்க?" சூப்பர்வைசர் கதவை மறித்தான்.

"எங்களைக் கேக்கறியே. போனைக் கேளு, சொல்லும்" என்றாள் தொட்டிக்காரி. அவன் விலகினான்.

இரண்டு தெரு தள்ளித்தான் ஸ்டேஷன். கம்பங்களில் இருந்த கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பின. தலைக்குமேல் எங்கோ வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு டிரோன் கூடவே வந்தது. வாசலில் காய்கறிக்கார அம்மா, காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். அவரோடு மூக்கிக்குத் தெரியாத ஏழெட்டுப் பெண்கள். எல்லோர் மடியிலும் ஒரு பையன் போட்டோ இருந்தது.

"எனக்கு வந்து சொன்ன பொண்ணு எங்கன்னுதான் நேத்துலேருந்து கேக்கறேன்" என்றார் அவர். "என் பையனைப் பத்தி இனிமே கேக்க என்ன இருக்கு."

போலீஸ்காரன் ஒருவன் வெளியே வந்தான். சின்ன வயதுக்காரன். "அப்படி யாரும் இங்க இல்ல. கலைஞ்சு போங்க."

"அப்போ எங்க இருக்கா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"அது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சவரைக் கூப்பிடு தம்பி. நாங்க இருக்கோம்."

அவன் உள்ளே போனான். ஒலிபெருக்கி கரகரத்து, ஐந்து பேருக்கு மேல் கூடுவது குற்றம் என்று ஒரு பெண் குரலில் படித்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தது. வெயில் ஏறியது. தெருக்கோடியில் கம்பிவலை ஜன்னல் போட்ட இரண்டு வண்டிகள் வந்து, எஞ்சினை அணைக்காமல் நின்றன. யாரும் இறங்கவில்லை. மூக்கி வண்டிகளைப் பார்த்தபடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அந்த வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. கரி படிந்த கை, தோளில் துண்டு. கொதிகலன்காரர்.

"உளவு பாக்க ஆளு விட்டிருக்காங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இஸ்திரிக்காரர் எழுந்து நின்றார்.

கொதிகலன்காரர் நேராக அவரிடம் வந்தார். நடந்து பழக்கமில்லாததால் மூச்சு வாங்கியது. "என்கிட்ட சொல்லாமலே வந்துட்டீங்க. சரி, சொல்ற மாதிரி நானும் நடந்துக்கல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அணைச்சிட்டேன். ஆவிய முழுக்க வெளிய விட்டாச்சு. மூணு லாரி துணி தொட்டியில ஊறுது. மறுபடி சூடேற ஏழு மணி நேரம் ஆகும். அதுவும் நான் போய்ப் பத்தவச்சாத்தான்."

வண்டிகளில் ஒன்றின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காய்கறிக்கார அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நின்னுட்டே இருக்காதீங்க, உக்காருங்க" என்று கொதிகலன்காரருக்கு இடம் விட்டார். மூக்கியும் நகர்ந்து உட்கார்ந்தாள்.